மேடையில் தர வேண்டிய சாவி

எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் பேச வேண்டும். அதற்குப் பிறகு நான் எழுந்து, வாடகைக்குக் குடியிருப்பவர்களின் அவல நிலையைப் பற்றி உரையாற்றி, உரையின் முடிவில் மடியிலுள்ள கைப்பையிலிருந்து என் வீட்டுக் கீழ்ப்பகுதியின் சாவியை எடுத்து, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தையல்நாயகியை மேடைக்கு அழைத்து, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க அவள் கையில் கொடுக்க வேண்டும். தாழ்வாரம் அறக்கட்டளையின் செயலாளர் உத்திராபதி அப்படித்தான் வகுத்து வைத்திருக்கிறார். கொடுக்கும்போது சாவியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கும்படியும், புகைப்படக்காரர் போதும் என்று சொல்லும்வரை கையை எடுத்துவிடாமலிருக்கும்படியும் காலையில் கேட்டுக்கொண்டார். நான் கையை நீட்டப் போகிறேனா என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று அவருக்குத் தெரியாது. கழுத்தில் கிடக்கும் பொன்னாடை வியர்வையில் ஒட்டிக்கொண்டு அரிக்கிறது. பொன் என்கிறார்கள், ஆடை என்கிறார்கள், இரண்டுமில்லை. உடுத்த முடியாது, போர்த்த முடியாது, துடைத்தால் தண்ணீரை உறிஞ்சாது. வீட்டில் ஓர் அலமாரி நிறைய வைத்திருக்கிறேன். மைக்கைப் பிடித்திருக்கும் அரிசி ஆலைக்காரர், வீடு என்பது வெறும் கல்லும் மண்ணும் அல்ல என்கிறார். கல்லும் மண்ணும்தான் ஐயா, கல்லும் மண்ணும் இல்லாமல்தான் முன்வரிசையில் இத்தனை பேர் சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பயனாளிகளாம். நாற்பது ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவள் நான், அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் யாருக்குப் பயன் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. மேடையில் உட்கார வைத்துவிட்டால் மனிதருக்கு வாய் அடைத்துப்போகிறது. எனக்கே அடைத்துப்போகிறது என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன. தையல்நாயகியின் ரிப்பன் தலைகீழாகத் தொங்குகிறது. விறைப்பாகக் கஞ்சி போட்ட சேலை, அவளுடையதாக இருக்காது, தோளில் நிற்கவில்லை. கையில் கைபேசியை நெல்மணியைப் பொத்துவதுபோலப் பொத்தி வைத்திருக்கிறாள். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். சிரிக்கிறாள். நான் உடனே அரிசி ஆலைக்காரரைக் கவனிக்கிறேன்.

அவள் கணவன் கலியபெருமாள் மினி பஸ்ஸில் நடத்துநராக இருந்தவன். அந்த வண்டியில் நானும் போயிருக்கிறேன் என்று நினைக்கிறேன், முகம் நினைவில்லை, ஏறும்போது பெண்களைத் தொடாமல் பின்னால் நின்று வழிவிடும் ஒரு நடத்துநர் இருந்தான், அவன்தானா என்று உத்திராபதியிடம் கேட்கவுமில்லை, கேட்டிருந்தால் முகம் கிடைத்திருக்கும், முகம் கிடைத்தால் மறுப்பது கடினம். கல்லீரல். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை இலகுவாகச் சொல்லிவிடுகிறார்கள், வீட்டுக்கு என்று. வீட்டுக்காரன் வாசலிலேயே நின்று, "தப்பா எடுத்துக்காதம்மா, வாடகை பாக்கின்னா பொறுத்துக்குவேன், இது வேற. நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா இந்த வாசல்ல போட்டு வைக்க முடியாது. எம் பொண்ணுக்கு மாப்புள பாத்துக்கிட்டிருக்கோம். அதுக்கு முன்னாடி வேற எடம் பாத்துக்க" என்றானாம். அதுக்கு முன்னாடி. ஒரு மனிதனுடைய மீதி வாழ்நாள் முழுவதையும் அந்த இரண்டு சொற்களுக்குள் வைத்துக் கட்டிவிட்டான். அறக்கட்டளைக்காரர்கள் ஊர் முழுக்க அலைந்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், தெருவுக்கு வந்துவிடும் நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பதற்காக உத்திராபதி செருப்புத் தேய நடப்பவர். நடந்துவிட்டு வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "யாரும் முடியாதுன்னு சொல்லல மேடம். அதான் வயித்தெரிச்சல். எல்லாரும் தங்கமான மனுசங்க. அந்தம்மா மட்டும்னா தாராளமா வரச் சொல்லுங்க, அதெல்லாம் முடிஞ்சப்புறம் வரச் சொல்லுங்கங்குறாங்க." நான் சிரித்தேன், என் வழக்கமான சிரிப்பு, இந்த ஊர்க்காரர்களைப் பற்றி எனக்குத் தெரியாதா என்கிற சிரிப்பு. தீட்டு என்பது சொத்துடைமையின் இன்னொரு பெயர் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு என் காலுக்குக் கீழே, தரையைப் பார்த்தார். அந்தத் தரைக்கு அடியிலிருக்கும் பூட்டிய கீழ்ப்பகுதியைப் பார்த்தார். "உங்களால முடியும் மேடம்" என்றார். கட்டுரை எழுதியவளால் முடியாமலா போகும்.

போன வெள்ளிக்கிழமை அவளை அழைத்து வந்தார். வீடு பார்க்க வரும் பெண் எதையெல்லாம் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும்: சமையல் மேடையின் உயரம், குழாயில் தண்ணீர் எப்போது வரும், கொல்லையில் கொடி கட்டலாமா, சாமி படம் மாட்ட ஆணி அடிக்க விடுவார்களா. அவள் சமையலறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தாள். பிறகு வாசலுக்குப் போய் இரும்புக் கேட்டைத் தொட்டு, "ரெண்டு கதவும் முழுசாத் தொறக்குமாம்மா?" என்றாள். ஒன்றின் தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறது, எண்ணெய் விட்டால் திறக்கும், ஏன், வண்டி நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன். "வண்டி எதும்மா எங்களுக்கு. பொட்டி உள்ள வரணும்ல" என்றாள். குளிர்பெட்டி. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், பீரோ உள்ளே வர வேண்டும் என்பதுபோல. அவன் அப்போது உயிரோடு, பேசிக்கொண்டு, கஞ்சி குடித்துக்கொண்டு இருக்கிறான். அவள் அவனுக்காக வாசலின் அகலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேறு எதற்காக அவள் அலைந்தாள், அவனைக் கிடத்தி வைக்க ஒரு கூடம், யாரும் முகம் சுளிக்காத ஒரு வாசல், அதைத்தானே தேடி வந்தாள். உத்திராபதி நிலைமையைச் சரிசெய்யும் குரலில், பால் காய்ச்ச நல்ல நாளாகப் பார்க்கட்டுமா என்றார். "பாலெல்லாம் வேணாங்க சார். இது அவருக்குப் பாக்குற வீடு. எனக்குன்னு ஒண்ணு பாக்குறப்ப காய்ச்சிக்கிறேன்." நான் பார்க்கலாம் என்று சொன்னேன். அவர் விடவில்லை, வசூலில் பழகிய மனிதர், "அப்ப ஞாயித்துக்கிழமை ஆண்டு விழாவுலயே சாவியக் குடுத்துடலாம் மேடம், மேடையில. நீங்களே குடுக்குறதப் பாத்தா இன்னும் நாலு பேரு வீடு தர முன்னுக்கு வருவாங்க" என்றார். நியாயமான பேச்சு. இந்த ஊரில் எதையும் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது. மூக்குக் கண்ணாடியானாலும் தையல் இயந்திரமானாலும் மேடையேற்றிக் கொடுத்தால்தான் கொடுத்ததாகும். ஞாயிறு என்றதும் எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் ஏதாவது நடக்கும், வேறு வீடு கிடைக்கும், வீட்டுக்காரன் மனம் மாறுவான், அல்லது, அந்த அல்லதுக்குப் பிறகு நான் எதையும் நினைக்கவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது. சரி என்றேன். அவள் தயங்கிக்கொண்டே, "இன்னைக்கே வந்துடலாங்களா? மேடைக்கி ஞாயித்துக்கெழமை வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். உத்திராபதி சிரித்துவிட்டார். "குடியிருக்குற வீட்டுக்கே மறுபடி சாவி வாங்குவியா? போட்டோவுல பாக்குறவன் கேக்க மாட்டான், இந்தம்மா உள்ள எப்புடிப் போச்சுன்னு? செவரேறிக் குதிச்சியான்னு?" அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். மூன்று பேரும் அந்தக் காலியான கூடத்தில் நின்று சிரித்தோம், எதிரொலித்தது.

அந்தக் கூடத்தில் அதற்கு முன் கடைசியாக என்ன எதிரொலித்தது என்று அவளுக்குத் தெரியாது. சுந்தரேசன் அங்கேதான் கிடந்தார். போன ஆடிக்கு முந்தைய ஆடி. கடைசி வாரங்களில் என் கணவர் என்னை டீச்சர் என்று அழைத்தார், யாருடைய டீச்சர் என்று தெரியவில்லை, டீச்சர் மணி அடிச்சிடுச்சா, டீச்சர் மணி அடிச்சிடுச்சா, நான் இல்லை இன்னும் அடிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி, ஒரு மத்தியானம் சலிப்பில் அடித்துவிட்டது என்று சொன்னேன், அவர் எழுந்து போக முயன்றார். டெட்டாலும் சாத்துக்குடித் தோலும் கலந்த வாடை. இழுத்து, நின்று, நான் எழுந்து பார்க்கும்போது மறுபடி தொடங்கும் மூச்சு. அந்த நிற்றல்தான். மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதல்ல, நின்ற மூச்சுக்காகக் காத்துக்கொண்டிருப்பது. அது முடிந்ததும் மாடிக்கு வந்துவிட்டேன், கீழ்ப்பகுதியைப் பூட்டினேன், கால் வலி என்று யாரும் நம்பாத காரணத்தைச் சொன்னேன், மாடிக்கு ஏறுவதற்குக் கால் வலியா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று. அவரை அந்தக் கூடத்தில் கிடத்த நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பந்தல் வந்தது, நாற்காலி வந்தது, பெட்டி வந்தது, கேட்டின் இரண்டு கதவுகளும் திறந்து கிடந்தன, தெருவே உள்ளே வந்துபோயிற்று. அதெல்லாம் உனக்குக் கிடைத்த வசதி என்று அன்றைக்கு எவளாவது சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். இன்றைக்கு இந்த மேடையில், அரிசி ஆலைக்காரர் இன்னும் ஒரே ஒரு செய்தி என்று மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அது வசதிதான் என்று தெரிகிறது. மனிதர்கள் சாவதற்குக்கூடப் பட்டா வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எது என்னைத் தடுக்கிறது. தீட்டு இல்லை. இல்லவே இல்லை. என்னை எதைச் சொல்லித் திட்டினாலும் பொறுத்துக்கொள்வேன், அதைச் சொன்னால் பொறுக்க மாட்டேன். பயம். கீழே இன்னொருவன் மூச்சை இழுத்து நிறுத்துவதை மாடியில் படுத்துக்கொண்டு கேட்க என்னால் முடியாது. இது மனிதருக்கு உரிய பலவீனம், இதில் வெட்கமில்லை. இப்படி முடித்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரிசி ஆலைக்காரரின் சத்தத்துக்கு நடுவே இன்னொன்றும் கேட்கிறது, பெங்களூரிலிருந்து மகள் நேற்றுப் பேசியது. "அம்மா, நீ நல்லது செய், வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த வீட்டுல அடுத்தடுத்து ரெண்டுன்னா நாளைக்கு விக்கறப்ப எவன் வருவான்?" நான் அவளை எப்படித் திட்டினேன். உன்னைப் படிக்க வைத்ததற்கு எருமை வாங்கியிருக்கலாம் என்றேன். போனை வைத்த பிறகு, வாக்கியத்தை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அடுத்தடுத்து ரெண்டு. எனக்குள் அது புதிதாக விழவில்லை, ஏற்கெனவே இருந்த இடத்தில் போய்ச் சரியாகப் பொருந்தியது. ஆக, துக்கமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, அவற்றுக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்காரனும் நிற்கிறான், என் முகத்தோடு. அவனாவது வாசலில் நின்று முடியாது என்றான். அவள் அவனைத் திட்டிவிட்டு வேறு கதவைத் தட்டப் போக முடிந்தது. நான் சரி என்றேன். சரி என்றதால் அறக்கட்டளைக்காரர்கள் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். இந்த எண்ணம் இப்போதுதான் வருகிறது, இத்தனை நாள் எங்கே போயிருந்தது. என் மறுப்பு அவளுக்குச் செய்திருக்கக்கூடிய தீங்கைவிட என் சம்மதம் அதிகம் செய்துகொண்டிருக்கிறது. கைதட்டுகிறார்கள். அரிசி ஆலைக்காரர் ஒருவழியாக உட்கார்ந்துவிட்டார். அடுத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இவர் சங்க காலத்திலிருந்து தொடங்குவார், நேரம் இருக்கிறது. எதற்கு நேரம். மைக்கின் முன்னால் நின்று, நண்பர்களே, வீட்டுக்குப் பதிலாக இந்தக் குடும்பத்துக்கு வேறு வகையில் உதவ விரும்புகிறேன் என்று சொல்லலாம். வேறு வகையில். எவ்வளவு வழவழப்பான சொற்கள். கைதட்டக்கூடச் செய்வார்கள். அவள் தட்டுவாளா, கையில் கைபேசியை வைத்துக்கொண்டு. அவனிடம் இப்போது யார் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்கிறாள் என்று உத்திராபதி சொன்னார். எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள் இவளை. பயனாளிகள் முன்னதாகவே வந்து அமர்ந்திருக்க வேண்டும் என்பார்கள். காலையிலிருந்து இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். சாகக் கிடக்கிறவன் பக்கத்திலிருந்து அவளை எழுப்பிக் கொண்டுவந்து, நான் சாவி கொடுக்கப்போகிற அழகைப் பார்ப்பதற்காக உட்கார வைத்திருக்கிறார்கள்; உட்கார வைத்திருக்கிறார்கள் என்ன, வைத்திருக்கிறோம். எழுந்திரு வடிவாம்பாள், என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உன் முறை வரும்வரை காத்திருக்காதே, இப்போதே இறங்கிப் போய் அவளிடம், இந்தா சாவி, இப்போதே கிளம்பு, அவனைத் தூக்கிக்கொண்டு வா, நான் மாடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடக்கிறேன், என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல். முழங்கால்கள் அசைகின்றன. கைப்பையின் ஜிப்பைத் திறந்துவிட்டேன். தலைமையாசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்தால் அவர் தவறாக நினைப்பார். அவர் முடிக்கட்டும். முடித்ததும். முதல் காரியமாக.

தோளில் யாரோ குனிகிறார்கள், மூக்குப்பொடி வாசம், உத்திராபதி. "மேடம்" என்கிறார். மறுபடி "மேடம்" என்கிறார். "கலியபெருமாள் போயிட்டாரு. பக்கத்து வீட்டம்மா எனக்குப் போன் அடிச்சுச் சொல்லுது. அந்தம்மாவுக்கு இன்னும் சொல்லல. வீட்டுக்காரன் இப்பவே எடுங்குறான், உள்ளயே வைக்க விட மாட்டேங்குறான், நேரா சுடுகாட்டுக்கே கொண்டுபோயிடலாமா, என்ன செய்யறதுன்னே..." அவர் முடிக்கவில்லை. "என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்" என்றேன். தயக்கமில்லை, ஒரு நொடி இடைவெளியில்லை, குரல் நடுங்கவில்லை. "கேட்டைத் திறந்து கூடத்தில் கிடத்துங்கள். பெட்டிக்குச் சொல்லிவிடுங்கள்." உத்திராபதி கண்களைத் துடைத்துக்கொண்டு, "நீங்க பெரிய மனுசி மேடம்" என்றார். அதைக் கேட்டபோதுதான் உறைத்தது, எத்தனை சுலபமாக வந்துவிட்டது என்பது. வெள்ளிக்கிழமையிலிருந்து தொண்டையில் சிக்கிக் கிடந்த சொல், அவன் செத்தான் என்றதும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. செத்தவன் கஞ்சி கேட்க மாட்டான். செத்தவனுடைய மூச்சு நிற்குமா தொடருமா என்று யாரும் காது கொடுக்க வேண்டியதில்லை. அரை நாள் கிடப்பான், போய்விடுவான், கழுவிவிட்டால் தரை காய்ந்துவிடும். உயிரோடிருப்பவனுக்குத் தர மனம் வராத கூடத்தைப் பிணத்துக்குத் தாராளமாகத் தந்தேன். தந்ததற்கு உடனே பெரிய மனுசிப் பட்டமும் கிடைத்துவிட்டது. அதெல்லாம் முடிஞ்சப்புறம் வரச் சொல்லுங்க என்றவர்கள் எல்லோருக்கும் நான் எங்கே மேல். அவர்கள் அவளைத்தான் பிறகு வரச் சொன்னார்கள். நான் அவனையே பிறகு வரச் சொல்லிவிட்டேன்.

படியில் இறங்குகிறேன். பொன்னாடை நழுவி விழுகிறது, யாரோ எடுத்துத் தர வருகிறார்கள், விலக்கிவிட்டு நடக்கிறேன். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல ஊர், சேரி, பாக்கம் என்று வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறார். நான் தன்னை நோக்கி வருவதைப் பார்த்துவிட்டுத் தையல்நாயகி எழுந்துவிட்டாள். அவளுக்கு வேறென்ன தோன்றும். முறை வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு, தலைகீழாகக் கிடந்த ரிப்பனைத் திருப்பி விட்டுக்கொண்டு, தோளில் நிற்காத சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். பக்கவாட்டிலிருந்து புகைப்படக்காரர் ஓடிவந்து குனிந்தார். வெளிச்சம் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. நீட்டிய அந்தக் கைகளில் வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. சாவி பையிலிருந்தது, ஆனால் அதை எடுத்து இப்போது அவளிடம் கொடுக்க எந்த மனிதப் பிறவியாலும் முடியாது. கைகளைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தன. "வாம்மா, நம் வீட்டுக்குப் போகலாம்" என்றேன். "மேடையில இல்லீங்களா?" என்றாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் வந்து நின்ற உத்திராபதியின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நீட்டியிருந்த கைகளின் கனம் என் கைகளுக்குள் மாறியது. மெதுவாக உட்கார்ந்தாள். நானும் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் வரவில்லை. வாய் திறந்தது, முந்தானையை அள்ளி வாய்க்குள் வைத்துக்கொண்டாள், தோள்கள் மட்டும் குலுங்கின. அந்தக் கஞ்சி போட்ட துணி நனைந்து கறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு துணியை எடுத்துவிட்டு, என் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"அங்க வந்து அழுவலாங்களாம்மா?"

அழலாம் என்றேன். எவ்வளவு முயன்றும், அது ஒரு வீட்டுக்காரியின் குரலாகத்தான் வந்தது.